ஒழுகுகிற சிவப்புக் கார்

காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையில், இன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய்.

பல் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். சனிக்கிழமை காரை வாங்க ஆள் வருகிறார். "ஒரு சொட்டு ஒழுகினாலும் வேண்டாம்" என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டவர்.

கல்யாணமான வருஷம் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, முதுகுக்குப் பின்னாலேயே என்ஜின். தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இப்போது இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"வித்துடலாமா?" என்று போன மாதம் மனைவியிடம் கேட்டார்.

"உங்க கார், உங்க இஷ்டம்," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

முதலில் என்ஜின் மூடியில்தான் கசிந்தது. காய்ந்துபோன கேஸ்கெட்டை மாற்றினார். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் அட்டையில் பொத்தான் அளவு கறை. எண்ணெயை அடைக்கும் ஆயில் சீல் வளையத்தை மாற்றினார். கறை சாஸர் அளவானது. போல்ட்டுகளை எல்லாம் ஒரு சுற்று இறுக்கினார், இதோ, தட்டு.

சீட்டுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் பல் பார்க்கும் கண்ணாடியை விட்டுத் துழாவினார். "கடைவாய்ப் பக்கம்தான் ஏதோ கோளாறு."

"வாயைத் திறன்னு சொல்லிப் பாருங்களேன்," என்றாள் மனைவி. முக்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி கைநழுவி என்ஜினுக்குள் விழுந்தது. அதை எடுக்கப் போனபோது ஒரு ரப்பர் குழாய் கையோடு வந்துவிட்டது.

"கல்யாணம் ஆன மறுவாரம் கடலைப் பாக்கக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "உங்க அம்மா, அத்தை, சித்தப்பா, எல்லாரும் பையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க."

"இருந்ததே ரெண்டு சீட்டுதானே."

"அதான். அன்னிக்குத்தான் இந்த கார் எனக்குப் புடிச்சுப்போச்சு."

குழாயைத் திரும்ப மாட்டும் மும்முரத்தில் இருந்தார் அவர். "சனிக்கிழமையோட உனக்கும் இந்தத் தொல்லை விட்டுச்சு. டார்ச்சை நேரா பிடி."

அவள் டார்ச்சை நேராகப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்தவர் காரை ஜாக்கில் தூக்கி, அடியில் படுத்து, அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் பார்த்தார். டாக்டர், பல் பிடுங்க உட்கார்ந்த நோயாளி மாதிரி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

மெக்கானிக் வெளியே வந்தார். விரலில் இருந்த எண்ணெயைத் தேய்த்தார், மோந்து பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற டாக்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் காலி டீ டம்ளர்களை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சொல்லுப்பா, என்ஜினையே இறக்கணுமா?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார்.

"காரை வாங்க வர்றவரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க டாக்டர். இது சமையல் எண்ணெய்."