கூட்டம் ஆகாதவர்

காலையில் குளிப்பவர், மாலையில் குளிப்பவர் என்று மனிதர்களில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கடலோர ஊருக்கு சீசனில் போகிறவர், சீசன் முடிந்து எல்லாரும் மூட்டை கட்டிய பிறகு போகிறவர் என்றும் இரண்டு வகை உண்டு. முதலாமவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம்மைப் போலச் சாதாரணப் பிறவி. இரண்டாமவர்தான் விசேஷம்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர். லீவிலாவது திறந்த வாய் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது என்று வைராக்கியம்.

"கடலை அனுபவிக்கணும்னா இப்பத்தான் வரணும். சீசன்ல என்னத்தைப் பாக்கறது? முன்னால நிக்கிறவன் முதுகைத்தான் பாக்கணும்!" என்பார்.

ஹோட்டலில் நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும், நீச்சல் குளத்தில் தண்ணீருக்குப் பதில் சருகு நிறைந்திருக்கும், ஐஸ்கிரீம் கடைப் பூட்டு துருப்பிடித்துத் தொங்கும், சாப்பிட எதைக் கேட்டாலும் சர்வர் "அது சீசன்ல சார்" என்று சொல்லி ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைப்பார். நமக்கு இதெல்லாம் குறை. டாக்டருக்கு அத்தனையும் சொர்க்கம். "எவ்வளவு அமைதி, பாத்தியா!" என்று மனைவியிடம் காலையில் ஆரம்பிப்பார். அதை ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நிஜமாகவே அமைதியாக இருந்திருக்கும்.

அந்த அம்மாளுக்கு இருந்ததோ ஒரே ஓர் ஆசை. கடலுக்குள் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம்; படகில் அங்கே போய்வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே ஊருக்கு வருகிறார்கள், கரையில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சீசன் முடிந்தால் படகு ஓடினால்தானே? பொறுமைக்கும் ஓர் எல்லை இல்லையா?

"என்னங்க, இந்தத் தடவையும் பாறைக்குப் போகலைன்னா, அடுத்த வருஷம் எங்க அக்கா குடும்பத்தோட சீசன்ல வர்றோம். சொல்லிட்டேன்."

அக்கா குடும்பம் வந்து இறங்கினால் எந்த ஊருக்கும் எந்த மாதமும் சீசன்தான். டாக்டர் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படகுத்துறைக்கு ஓடினார்.

"போலாம் சார். ஆனா பத்துப் பேர் வேணும்" என்றார் படகுக்காரர்.

"பத்துப் பேர் காசையும் நானே தர்றேன்பா."

"காசுக்கு இல்ல சார். காத்தைப் பாத்தீங்கல்ல? பாரம் இல்லேன்னா படகு துள்ளும். பத்துக்கு மேலயும் ஆகாது, லைஃப் ஜாக்கெட் அவ்வளவுதான் இருக்கு."

அப்புறமென்ன? கூட்டத்தைக் கண்டால் தெரு மாறிப் போகிற மனிதர் கூட்டம் சேர்க்கக் கிளம்பினார். ஹோட்டலில் அறை அறையாகக் கதவைத் தட்டினார். முதல் கதவைத் திறந்தவர் பேப்பரும் கையுமாக ஒரு ரிட்டயர்டு நீதிபதி.

"மன்னிக்கணும் சார். கூட்டம் இருக்காதுன்னுதான் நான் இங்க வர்றதே" என்றார்.

டாக்டரின் சொந்தக் கொள்கை, அப்படியே! வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது அவ்வளவு நன்றாக இல்லை. ஆனால் நீதிபதியின் முதுகுக்குப் பின்னாலிருந்து, "படகா? இருங்க, நான் வர்றேன்!" என்று ஒரு பெண்குரல் வந்தது. அறைக்கு அறை இதே கதைதான்: முன்னால் கூட்டம் ஆகாத ஒரு கணவர், பின்னால் வருஷக்கணக்காகப் பாறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு மனைவி. தயங்கிய கணவர்களையும் டாக்டர் விடவில்லை. "பயப்படாதீங்க, அஞ்சே நிமிஷம், வலிக்கவே வலிக்காது" என்று தொழில் பழக்கத்தில் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். துறையில் நிறுத்தி விரல் நீட்டி எண்ணினார். கச்சிதமாகப் பத்து.

எல்லாரும் ஏறி ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். கடைசியாக டாக்டர் காலைத் தூக்கி வைத்தார்.

"நீங்க எங்க சார்? பத்து ஆயிடுச்சே!"

கூட்டம் என்றால் மற்றவர்கள் என்றே அவர் நினைத்திருந்தார். தன்னையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது? படகே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. யார் இறங்குவது? டாக்டரின் மனைவிதான் வழி சொன்னார்:

"அவர் இருக்கட்டும்ங்க. அவருக்குக் கூட்டம் ஆகாது."

படகு போயிற்று. கரையில் ஈ காக்கை இல்லை. டாக்டர் ஆசைப்பட்ட கடற்கரை, முழுக்க முழுக்க அவருக்கே. "எவ்வளவு அமைதி, பாத்தியா!" என்று பழக்கதோஷத்தில் திரும்பினார். பார்க்க ஆள் இல்லை. படகு திரும்பும்வரை நின்ற இடத்தைவிட்டு அவர் நகரவில்லை.

ஒருவழியாகச் சிரிப்பும் கூச்சலுமாகப் படகு வந்தது. நீதிபதி பாடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்தே வர்றதா முடிவாயிடுச்சு. அக்காவையும் கூட்டிட்டு வரணும்."

"சீசன்லயா?"

"அப்பத்தான் ரெண்டு படகு ஓடுமாம். உங்களுக்கும் இடம் கிடைக்கும்."

சரியென்று தலையாட்டிவிட்டு டாக்டர் கை கொடுத்து மனைவியை இறக்கிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை எங்கேயாவது நின்றுகொண்டு, "அப்பப்பா, என்ன கூட்டம்!" என்று சலித்துக்கொள்ள வாய் வரும்போது, தலைகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். உங்களையும் சேர்த்து.