பிரானில் இருக்கும் தரின்காவுக்கு, பெட்டி குளிர்ந்துவிட்டது என்று

மரியாதைக்குரிய திருமதி தரின்கா அவர்களுக்கு,

லியூப்லியானாவிலிருந்து பொகோமில் எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நலம். பிரானில் நீங்களும் உங்கள் பூனையும் கடல்காற்று படாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஈஸ்டர் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு எல்லை தாண்டிக் கிராஸ் நகரத்துக்கே போய்விடப் போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் உங்கள் கடைசி நாளன்று வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? "பொகோமில், என்னிக்காவது நம்ம பீங்கான் வில்லையால ஒரு பாட்டில் ஒயினைக் குளிர வெச்சுட்டா சொல்லுங்க, எங்க இருந்தாலும் வந்துடறேன்" என்றீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். தரின்கா, குளிர்ந்துவிட்டது!

நாம் பொடி அரைத்து, சூளையில் சுட்டு எடுத்த பீங்கான் வில்லைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் பழைய சாமான்களை ஒழித்தபோது கேட்டு வாங்கி வந்தேன். அவற்றை அடுக்கிச் சமையலறையிலேயே ஒரு பெட்டி செய்தேன். சங்கதி உங்களுக்குத் தெரியாததா? மின்னழுத்தம் கொடுத்தால் வில்லை சூடாகும், அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போனபின் அழுத்தத்தை எடுத்தால் முன்னைவிடக் குளிரும், மறுபடி கொடு, மறுபடி எடு, அவ்வளவுதான். ஆனால் நல்ல எண்ணெய்க்கு நான் எங்கே போவேன்? வீட்டில் இருந்த பூசணிவிதை எண்ணெயை ஊற்றினேன். வீடெல்லாம் சாலட் வாசம். மாடிவீட்டு வின்கோ, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "யோவ், அத சாலட்ல ஊத்துவாங்கய்யா, நீ கரண்ட்ல ஊத்துறியே!" என்று கத்தினார். நான் சட்டை செய்யாமல் சுவிட்சைப் போட்டேன். கட்டடம் முழுக்க விளக்கு போயிற்று. அன்று பிளானிட்சாவில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி, எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டுப் பையன் தாண்டி ஆகாயத்தில் இருக்கும்போதே திரை இருண்டுவிட்டதாம். அவன் எங்கே இறங்கினான் என்று தெரிகிறவரை என்னோடு பேசுவதில்லை என்று மொத்தக் கட்டடமும் முடிவெடுத்தது.

நமக்கு ஏச்சு புதிதா என்ன! அந்த ஜூலை மாதம் நினைவிருக்கிறதா? காற்று பட்டால் அளவு பிசகும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நான் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் கால் சில்லிடுகிறது என்று கம்பளிச் செருப்போடு உட்கார்ந்திருந்தீர்கள். திடீரென்று, "இறங்குது! பொகோமில், இறங்குது!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். இறங்கியது அரை டிகிரிகூட இல்லை. "இத வெச்சு ஒரு ஈயைக்கூடக் குளிர வைக்க முடியாதே" என்றார் நம் தலைவர். "ஈ வந்து உக்காரட்டும் சார், அப்புறம் பாப்போம்" என்றீர்கள் நீங்கள். பிறகு வெளிநாட்டில் வில்லைக்குப் பதில் மெல்லிய படலத்தை வைத்துப் பன்னிரண்டு டிகிரி இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நான் சோர்ந்து உட்கார்ந்தபோதும், "அவ்ளோ மெல்லிசுல ஒரு சொட்டுத் தண்ணி குளிருமா? நம்மளுது கனமாக்கும்" என்று காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். அந்தக் காப்பிக்காகவே அந்தப் படலக்காரர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே ஈஸ்டர் திங்கட்கிழமை வாருங்கள். பன்றித்தொடையும் முள்ளங்கித் துருவலும் என் பொறுப்பு. பொத்தீட்சா ரொட்டியைக் கடையில்தான் வாங்குவேன், திட்டக்கூடாது. உங்கள் ஊர் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள், நம் பெட்டியில் குளிர வைப்போம். கிராஸ் எங்கேயும் ஓடிவிடாது.

உங்கள் மகளுக்கு என் அன்பு. பூனைக்கும் அப்படியே.

என்றும் உங்கள்,
பொகோமில்

பி.கு.: குளிர்ந்தது என்று மேலே எழுதியதெல்லாம் பொய். எண்ணெய்க் குழாயை மாற்றிப் பூட்டிவிட்டேன். சூடு பெட்டிக்குள் வருகிறது, குளிர் சமையலறைக்குப் போகிறது. "இது ஃப்ரிட்ஜ் இல்லய்யா, அடுப்பு" என்று வின்கோ விழுந்து விழுந்து சிரித்தார். சரியாகப் பூட்ட அரைமணி நேரம் போதும். ஆனால் நான் மாற்றப் போவதில்லை. கடைசி நாளன்று மேஜைக்கடியில் நீங்கள் விட்டுப்போன கம்பளிச் செருப்பைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இதமாக இருக்கிறது. ஒயின் வெறும் சாக்குதான், செருப்பைப் போட்டுக்கொள்ளவாவது வாருங்கள்.