ஆள் உயரத்துக்கு ஒரு வேலி

என் வீட்டுக்கு வேலி போடுவது என்று நான் முடிவெடுத்தது திருடனுக்குப் பயந்து அல்ல. தெரு நாய்க்குப் பயந்தும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போடுவதை என் மனைவி பார்த்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே பெயருக்கு ஒரு செடி வரிசை இருந்தது. முழங்கால் உயரம். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் அவர் வீட்டுப் பின்பக்கம் முழுக்கத் தெரியும். அங்கேதான் மனிதர் தன் லீலைகளையெல்லாம் நடத்துவார். ஒருநாள் துணி காயப்போடுவார். ஒருநாள் ஜன்னல் வலைகளைக் கழற்றிக் கழுவுவார். இன்னொரு நாள் பாத்திரங்களைத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பார், அதுவும் உயர வரிசைப்படி. பள்ளிக்கூடத்தில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர். எதைச் செய்தாலும் அணிவகுப்பு மாதிரி இருக்கும். மனதுக்குள் நான் அவருக்கு வைத்திருந்த பெயர் முன்மாதிரி.

என் மனைவி என்னிடம் ஒருநாளும் ஒரு வேலையும் சொன்னதில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஜன்னலில் நின்றுகொண்டு, "பக்கத்து வீட்ல அவரு ஜன்னல் வலையெல்லாம் கழுவறாரு" என்பாள். அவ்வளவுதான். கேள்வியும் கிடையாது, கட்டளையும் கிடையாது. வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசிப்பாள். மழை அங்கே பெய்கிறது என்பாள். அரை மணி நேரத்தில் நான் இங்கே நனைந்துகொண்டிருப்பேன்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வருகிறவர்களைப் படுக்க வைப்பதுதான் என் பிழைப்பு. சுருள்கம்பி மெத்தையில் நாலு பேர், பஞ்சு மெத்தையில் மூன்று பேர் என்று நாள் முழுக்கக் கண்ணெதிரே யாராவது கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருப்பார்கள். நான் நின்றுகொண்டிருப்பேன். எனக்கென்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் ஒன்றுதான். அதற்கும் முன்மாதிரி உலை வைத்துவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவதே இல்லை.

வேலிக்கும் வேலைக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். வேலி உள்ளே வந்தால் வேலை வெளியே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

மனைவியிடம் பேசுவதற்கு ஒரு வாரம் தயார் செய்தேன். கடையில் வாடிக்கையாளரை மடக்கும் அத்தனை வித்தையையும் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்பு, தெருப் புழுதி, நாளைக்கு வீட்டை விற்பதென்றால் கிடைக்கும் மதிப்பு என்று மூன்று தலைப்புகள். முதல் தலைப்பில் பாதி தாண்டவில்லை, அவள் துவைத்த துணியை மடித்தபடியே சொன்னாள்.

"போடுங்க."

"இல்ல, அந்தப் புழுதி விஷயம்..."

"அதான் போடுங்கன்னு சொல்லிட்டேனே. ஆனா எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கணும்."

பூட்டில் கை வைப்பதற்கு முன்பே கதவு திறந்தால் திருடன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை.

வேலிக்காரர் வந்தார். நீளமான முகம். வேலி போட்டுக் கெட்டவர்களின் கதைகளை மட்டும் சேர்த்து வைத்திருப்பவர். எல்லை தெரியாமல் வேலி போட்டு அடுத்தவன் இடத்துக்குக் காவல் காத்தவர் கதை, கேட்டை உள்பக்கம் திறக்கும்படி வைத்து வண்டியை வெளியே எடுக்க முடியாமல் போனவர் கதை, வாசல் தெளிக்கிற தண்ணீர் போக அடியில் இடைவெளி விடாமல் வீட்டையே தொட்டியாக்கியவர் கதை. ஒவ்வொரு கதை முடிந்ததும் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். பிறகு கேட்டார்.

"உங்க எல்லை எது சார்?"

செடியைக் காட்டினேன்.

"அது செடி நட்டவர் நின்ன இடம். நான் கேக்கறது எல்லை."

அதனால் நிலம் அளக்கிறவரை வரவழைக்க வேண்டியதாயிற்று. அவர் சங்கிலியை இழுத்து, பழைய எல்லைக் கல்லைத் தோண்டிக் கண்டுபிடித்து, செடியைத் தாண்டிப் போய் நின்றார். என் நிலம் அங்கேதான் முடிகிறதாம். அதாவது முன்மாதிரி கட்டியிருந்த துணிக்கொடி மொத்தமும் என் இடத்தில் இருந்தது. இத்தனை காலமும் அந்த மனிதர் என் நிலத்தில் நின்றுகொண்டுதான் எனக்கு வேட்டு வைத்திருக்கிறார்.

அடுத்து நகராட்சி அலுவலகம். வேலிக்கு அனுமதி வேண்டும், உயரத்துக்கு வரம்பு உண்டு என்று வேலிக்காரர் சொல்லியிருந்தார். அங்கிருந்த அம்மையாரிடம் இரண்டு ஆள் உயரம் வேண்டும் என்றேன். யானை ஏதாவது வளர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார். கடைசியில் முன்பக்கம் இடுப்பளவு, பின்பக்கம் ஆள் உயரம் என்று முடிவானது. ஆள் என்றால் சராசரி ஆள். அதுபோதும், என் மனைவி சராசரிக்கும் குட்டை.

மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுச் சம்மதம். நடுவில் வரும் வேலி என்பதால் அவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் ஒரு குழிகூடத் தோண்ட மாட்டேன் என்று வேலிக்காரர் கறாராக இருந்தார். தயங்கித் தயங்கிப் போனேன். துணிக்கொடி வேறு கைமாறப் போகிறது. மனிதர் சண்டைக்கு வந்தால் அவர் புஜத்துக்கு நான் எம்மாத்திரம்.

முன்மாதிரி வராந்தாவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்கேல் வைத்து வெட்டியது போல ஒரே அளவு. நான் வேலி என்றதும் கத்தி நின்றது. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பலகை வேலிதானே சார்? கம்பி வலை இல்லையே?"

"பலகைதான்."

"பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து இருக்காதே?"

இருக்காது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துணிக்கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலமே அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். விட்டுக்கொடுப்பதிலும் இந்த மனிதர் முன்மாதிரியாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வேலை ஆரம்பித்தது. வேலியின் வழவழப்பான முகம் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், சட்டமும் ஆணியும் நம் பக்கம் இருப்பதுதான் மரியாதை என்றார் வேலிக்காரர். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பொருளுக்கா இத்தனை அலைச்சல் என்று நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை, அவரிடம் அதற்கும் ஒரு கதை இருக்கும்.

தோண்டும் இடத்தில் குழாய் ஏதாவது போகிறதா, நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள் என்றார். வீட்டைக் கட்டினவனுக்குத் தெரியாதா என்ற நினைப்பில், ஒன்றும் இல்லை, தைரியமாகத் தோண்டுங்கள் என்றேன். மூன்றாவது குழியில் கடப்பாரை இறங்கியது. உடனே ஒரு நீரூற்று கிளம்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் மனைவி பின்வாசலில் வந்து நின்றாள். குழாய் பதித்தபோது கூடவே நின்று பார்த்தவள் அவள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று மட்டும் சொன்னாள்.

குழாய் ரிப்பேர் ஆகும்வரை எங்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முன்மாதிரி கைக்கொரு வாளியாக, தோள் குலுங்காமல், ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் வேலி எழுந்தது. ஆள் உயரம், சந்து இல்லாத பலகை. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பலகை, மேலே வானம். வேறெதுவும் இல்லை. எல்லையை மீட்ட ராஜா மாதிரி படுக்கையறைக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தூங்கிய தூக்கத்தை எங்கள் கடை விளம்பரத்துக்கே படம் பிடித்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு. கண்ணை மூடியிருப்பேன். வாசற்படியில் மனைவியின் குரல்.

"பக்கத்து வீட்ல அவரு மெத்தையையெல்லாம் தூக்கிட்டு வந்து வெயில்ல போட்டாராம்."

எழுந்து உட்கார்ந்தேன். வேலி இருக்கிறதே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வீட்டு அக்கா போனில் சொன்னாளாம். வேலி வந்ததிலிருந்து நேரில் பேச முடியவில்லையே, அதனால் இப்போதெல்லாம் தினமும் போனில்தான் பேசிக்கொள்கிறார்களாம்.

மெத்தை விஷயத்தில் மட்டும் என்னால் தோற்க முடியாது. தொழில் கௌரவம். எங்கள் வீட்டில் இருந்த மெத்தை அத்தனையும் வெயிலுக்கு வந்தது.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. முன்பெல்லாம் ‘கழுவறாரு’. இப்போது ‘கழுவினாராம்’. அந்த ஒரு ‘ஆம்’ என் முதுகெலும்பைப் பதம் பார்த்தது. கழுவறாரு என்றால் ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம். அவர் எதைக் கழுவுகிறாரோ அதைக் கழுவினால் போதும், எப்போது நிறுத்துகிறாரோ அப்போது நிறுத்தலாம். கழுவினாராம் என்றால் என்ன செய்வது? அவர் ஃப்ரிட்ஜை நகர்த்திப் பின்னால் துடைத்தாராம். நான் நகர்த்தினேன். வாஷிங் மெஷினைக் கவிழ்க்காத குறையாக அடியில் துடைத்தாராம். நானும் துடைத்தேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாராம். எங்கள் வீட்டில் இத்தனை கதவுகள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவன் கதை கேட்டிருப்பீர்கள். நான் வேலியையே காசு கொடுத்துக் கட்டிவிட்டு, ஓணானைத் தேடிப் பிடித்து விட்டுக்கொண்டவன்.

போன ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலை. வீட்டிலுள்ள அத்தனையையும் அவர் அலசிப் பிழிந்துவிட்டாராம். நானும் அலசினேன். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தபோது ஒரு சந்தேகம் தட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தண்ணீர் சத்தமும் இல்லை. மனிதர் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தால்?

வேலியின் குறுக்குச் சட்டத்தில் கால் வைத்துப் பார்த்தேன். முனகியது. வேலிக்காரரின் நீள முகம் ஞாபகம் வந்தது. சத்தம் போடாமல் ஸ்டூலை எடுத்துவந்து, ஈரத் திரைச்சீலையும் தோளுமாக ஏறி, மெள்ளத் தலையை நீட்டினேன்.

எதிரே இன்னொரு தலை.

முன்மாதிரியேதான். தலையில் துண்டு, தோளில் ஈரத் திரைச்சீலை. காலடியில் ஸ்டூல். இருவருக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. துணி மட்டும் சொட்டியது. அவர்தான் ஆரம்பித்தார்.

"நீங்க வாஷிங் மெஷினுக்கு அடியிலகூடத் துடைச்சீங்களாமே சார்?"

"நீங்க துடைச்சதாச் சொன்னாங்க. அதனாலதான் நான் துடைச்சேன்."

"நானா? நீங்க துடைச்சீங்கன்னு கேள்விப்பட்ட பிறகுதான் சார் நான் அதைத் தொட்டேன்."

மெத்தையைப் பற்றிக் கேட்டேன். நான் போட்டதாகக் கேள்விப்பட்டுத்தான் என்றார். கடைக்காரராச்சே, நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று நம்பினேன் என்றார். கதவுக் கீலும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனோம். ஜன்னல் வலை, பாத்திரம், பீன்ஸ். எல்லாவற்றிலும் அவர் என்னைப் பார்த்துச் செய்திருந்தார், நான் அவரைப் பார்த்துச் செய்திருந்தேன்.

"நீங்க துணி காயப்போட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் சார் எனக்குச் சனி பிடிச்சது" என்றார் அவர். "உள்ளே இன்னும் என்னென்ன செய்யறீங்களோன்னு எங்க வீட்ல தினமும் புகழ்ச்சி. இந்த வேலி வந்தா உங்களைப் பாக்காம இருக்கலாம்னுதான் சந்து இருக்காதேன்னு கேட்டேன்."

"சார், முதல் துணியை நான் காயப்போட்டதே உங்களைப் பாத்துதான்."

"அதெப்படி, நான் உங்களைப் பாத்துல்ல போட்டேன்."

அப்படியானால் முதலில் போட்டது யார்? இருவரும் யோசித்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, அவரவர் சமையலறை ஜன்னலைப் பார்த்தோம்.

இந்த உலகத்தில் எனக்கு உற்ற தோழர் ஒருவர் இருக்கிறார் என்று அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். இத்தனை நாள் அந்த நல்ல மனிதரை மனதுக்குள் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். அவரும் என்னைத் திட்டியிருப்பார் என்பது முகத்தில் தெரிந்தது. அங்கேயே, ஸ்டூலில் நின்றபடியே, ஓர் ஒப்பந்தம் போட்டோம். இனிமேல் ‘செய்தாராம்’ என்று எது வந்தாலும் நம்புவதில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் துரும்பை நகர்த்துவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் படுப்பார், நானும் படுப்பேன். வேலிக்கு மேலாகக் கை நீட்டினார். குலுக்கினேன். ஈரக் கையாக இருந்தாலும் ஆண்பிள்ளைப் பிடி.

பின்னால் கதவு திறக்கும் சத்தம். என் மனைவி போனைக் காதிலிருந்து எடுத்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள். கோபமில்லை, கிண்டலில்லை. அதே வானிலை அறிக்கைக் குரல்.

"ஸ்டூல்ல ஏறினதுதான் ஏறினீங்க, அதை அப்படியே உள்ள எடுத்துட்டு வந்து ஒட்டடையையும் அடிச்சிடுங்க. பக்கத்து வீட்ல அவரும் ஸ்டூல்ல ஏறியாச்சாம்."

ஒப்பந்தப்படி நான் நம்ப மறுத்திருக்கலாம்தான். ஆனால் அவர் ஏறியதை நானே கண்ணால் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.