ராக்காயிக்கு ஒரு தாலி

"மயிலு வேணாம், மாங்கா வேணாம், லட்சுமியும் வேணாம்," என்றார் முதலாளி சுப்பிரமணியம். "வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா ஒரு டிசைன் கொண்டாம்மா. இல்லேன்னா மெஷின்ல அடிக்கிற நகையை வரவழைச்சிடுவேன். நீ கவுண்டர்ல நின்னு யாவாரம் பாரு."

சுங்கைப் பட்டாணியில் நகைக்கு வரைந்து கொடுப்பதுதான் பிரேமலாவின் பிழைப்பு, பெருமை, எல்லாமே. பென்சில் பிடித்த கையால் பில் போடுவதா என்ற பயத்தில் அவளுக்கு மண்டை காய்ந்தது. கற்பனை வரட்டும் என்று கோயிலுக்குப் போனாள், அங்கேயும் மயில். சேலைக்கடைக்குப் போனாள்; முந்தானை முழுக்க மாங்காய். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் கடை போனுக்கு வந்த ஒரு வாட்ஸ்அப்பை முதலாளி அவளுக்குத் தள்ளிவிட்டார். அவருக்கு நகைக்கடையோடு ஒட்டினாற்போல ஒரு ஹார்ட்வேர் கடையும் உண்டு. சிக்கனத்தில் மன்னர், இரண்டுக்கும் ஒரே நம்பர்தான்.

அனுப்பியவர் பாலிங்கைச் சேர்ந்த காளிதாசன். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

"ராக்காயிக்குத் தாலி வேணும். போன மாசம் கட்டினதை அறுத்துட்டு ஓடிட்டா. இந்தத் தடவை கெட்டியா வேணும்."

பிரேமலா திரும்பத் திரும்பப் படித்தாள். தாலியை அறுத்துவிட்டுப் போனவளுக்கு மறுபடியும் தாலி வாங்குகிற மனுஷன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தரா? அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே, இத்தனை நாள் எட்டிப் பார்க்காத கற்பனையும் முட்டியது. உடனே போன் போட்டாள்.

"அண்ணே, அளவு சொல்லுங்க."

"கழுத்து கொஞ்சம் பெருசும்மா. தாராளமா விடு."

"கலர் ஏதாச்சும்?"

"பச்சை இருந்தா நல்லது. தூரத்துலேருந்தே தெரியும்."

பச்சைக்கல் என்று குறித்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

"அவங்க இல்லாம ரொம்பச் சிரமமாண்ணே?"

"சிரமம்தாம்மா. காலையில ஒழுங்கா ஒரு காப்பி குடிக்க வழியில்ல."

பாவம் மனுஷன் என்று உருகியபடியே வரைந்து தள்ளினாள். மூன்று பிரியாக முறுக்கிய கொடி, யார் இழுத்தாலும் அறாதது. பாலிங் என்றதும் அங்கே தோட்டம் தோட்டமாக நிற்கும் ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது. தாலியின் இரு பக்கமும் மூன்று பிளவுள்ள ரப்பர் காய்கள், காய்க்கு நடுவே பச்சைக்கல்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுலா டிசைன். வெள்ளியில ஒரு சாம்பிள் போட்டுக் காட்டு. அந்த ஆள் வாங்கிட்டா உன் இடம் உனக்கு. வேணாம்னுட்டா கவுண்டர்தான்."

சாம்பிள் ஜொலித்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த அவள் புருஷன் முகுந்தன், சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டான்.

"ஓடிப்போனவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

அதைக் கேட்க மறந்துவிட்டாளே. மறுபடியும் போன்.

"ராக்காயி இப்ப எங்கண்ணே?"

"பக்கத்து எஸ்டேட்டுல ஒருத்தன் வீட்டுப் பின்னால. அவன் நல்லாப் போடுறான், தின்னுட்டு அங்கேயே ஒட்டிக்கிட்டா."

"தாலி கட்டிக்க அவங்களுக்குச் சம்மதமா?"

"அவகிட்ட எவன் சம்மதம் கேக்குறான்? ரெண்டு ஆளைக் கூட்டிட்டுப் போயி, கழுத்தைப் புடிச்சுக் கட்டி இழுத்துட்டு வர வேண்டியதுதான்."

பிரேமலா போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே முகுந்தனிடம் சொன்னாள்.

"இது போலீஸ் கேஸ்லா. விட்டுடு," என்றான் முகுந்தன்.

விட்டால் கவுண்டர். விடாவிட்டால் ஒரு பெண் பாவம். யோசித்துப் பார்த்ததில், அந்த ராக்காயியை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாளே முகுந்தனைக் காடி ஓட்டச் சொல்லிப் பாலிங்குக்குக் கிளம்பினாள்.

ராக்காயி இருக்குமிடம் கேட்கலாம் என்று முதலில் தட்டிய காளிதாசன் வீட்டுக் கதவைத் திறந்தது ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மாள்.

"நீங்க...?"

"அவரு சம்சாரம், சண்முகவள்ளி. உள்ள வாங்க."

முகுந்தன் சத்தமில்லாமல் காடிப் பக்கம் நகர்ந்தான். பிரேமலாவுக்கு ரத்தம் கொதித்தது.

"அக்கா, உங்க புருஷன் ராக்காயிக்குத் தாலி கட்டப் போறாரு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? நான்தானே வாங்கச் சொன்னேன்."

"உங்களுக்குக் கோவமே வரலியா?"

"கோவப்பட்டு என்ன செய்ய? இவரு கட்டுறாரு, அவ அறுக்கிறா. ரெண்டு பேருக்கும் இதே வேலை."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்து "ம்ம்மா" என்று ஒரு சத்தம். ஒரு கொழுத்த பசுவைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் காளிதாசன்.

"கடைக்கார பொண்ணா? இப்பத்தான் இவளைப் புடிச்சேன். தாலியைச் சீக்கிரம் குடும்மா, ராக்காயி நிக்க மாட்டா."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பிரேமலா சாம்பிள் இருந்த நகைப்பெட்டியை நீட்டினாள். அவர் ஒற்றைக் கையால் திறந்து பார்த்து முழித்தார்.

"என்னம்மா இது? மாட்டைக் கட்ட நைலான் தாலி கேட்டா, கல்லு வெச்ச சங்கிலியைக் கொண்டாந்திருக்க. மலாய்க்காரன் கடையில தாலின்னா உடனே கயித்தை எடுத்துப் போடுவான். உங்க ஹார்ட்வேர்ல அதுகூடத் தெரியாதா?"

மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர் என்பது பிரேமலாவுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். நகைக்கடையில் உட்கார்ந்திருந்தால் அது எங்கே ஞாபகத்துக்கு வருகிறது? காடியில் சாய்ந்து முகுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கு அழுகையாக வந்தது. ஒரு மாட்டுக்காக உருகியதுகூடப் பரவாயில்லை; டிசைன் போச்சு, வேலையும் போச்சு.

பெட்டியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினால், அது சண்முகவள்ளியின் கையில் இருந்தது. அவர் ஜன்னல் கண்ணாடி முன்னால் நின்று, கழுத்தில் கிடந்த நைந்துபோன மஞ்சள் கயிற்றை ஒதுக்கிவிட்டு, அந்தச் சாம்பிள் தாலியை வைத்து வைத்துப் பார்த்தார்.

"இது ரப்பர் காய்தானே? இத்தனை வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுறேன், இது இவ்வளவு அழகுன்னு எனக்குத் தெரியலையே. இதையே தங்கத்துல செஞ்சு குடும்மா."

பிரேமலாவுக்குப் போன உயிர் திரும்பியது. காளிதாசனுக்கு இருந்த உயிர் போனது.

"உனக்கு எதுக்குடி இப்பப் புதுசு? அதான் கழுத்துல ஒண்ணு கெடக்கே."

சண்முகவள்ளி கண்ணாடியிலிருந்து திரும்பவேயில்லை.

"அறுத்துட்டு ஓடுறவளுக்குத்தான் இந்த வீட்டுல புதுத் தாலின்னா சொல்லிடுங்க, நானும் பக்கத்து எஸ்டேட் வரைக்கும் ஓடிட்டு வர்றேன்."