எடை மெஷினில்தான் கோளாறு

அன்பு மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். இதை எல்லோரும் சும்மா எழுதுவார்கள். நான் நிறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

போட்டோவைப் பார்த்துவிட்டு, "அத்தான், அக்கா பாதியா எளச்சுட்டாங்க, உடனே ஸ்கேன் எடுங்க" என்று போனில் கத்தினீர்கள். பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் யாரும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள். அவளுடைய உடுப்புகள் தொளதொளவென்று ஆனது தையல்காரர் செய்த கூத்து. நேரில் போய்க் கேட்டால், "சார், போன வருஷம் தச்ச அதே அளவு. துணி வளருமா சார்?" என்கிறார். பழைய துணி இழுபடும் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தேன். பிறகு மோதிரம் விரலிலிருந்து கழன்று வாஷ்பேசினுக்குள் போனது. குழாய் பிரித்து எடுத்தாயிற்று. வெயில் காலத்தில் உலோகம் விரியும், இதற்கெல்லாமா பயப்படுவது? சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுகிறாள் என்பதும் உண்மைதான். சமைப்பது நான்.

ஆனாலும் உங்கள் திருப்திக்காக எடை மெஷின் ஒன்று வாங்கினேன். அது முதல் நாளே ஐந்து கிலோ குறைத்துக் காட்டியது. நான் எடையளவு ஆய்வாளராக ஓய்வுபெற்றவன். முள்ளைத் திருகி வைத்த கடைக்காரர்களைப் பிடித்தே வாழ்க்கை போயிற்று. பிடிபட்ட அத்தனை பேரும், "மெஷின்லதான் சார் கோளாறு" என்றுதான் சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை. இப்போதுதான் அப்படி ஒரு மெஷினை என் கண்ணால் பார்க்கிறேன். அடியிலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகிச் சரிசெய்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி குறைத்துக் காட்டியது, மறுபடி சரிசெய்தேன். வாராவாரம் இதே வேலை. இந்தக் காலத்தில் என்ன சாமான் செய்கிறார்களோ!

இதற்கு நடுவே, ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் எனக்குப் பரிசாகக் கொடுத்த பித்தளை எடைக்கற்களில் ஒரு கிலோ கற்கள் இரண்டும் அலமாரியிலிருந்து காணாமல் போய்விட்டன. தண்ணீர் கேன் போடுகிறவரைக் கேட்டேன். "அத வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது, காய்கறிக் கடையா வெச்சிருக்கேன்?" என்று கேனை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். இப்போது நானே மாடிக்குத் தூக்குகிறேன்.

அதை விடுங்கள். இன்று காலை உங்கள் அக்கா, இந்த வெயிலிலும் குளிர்கிறது என்று சால்வையைச் சுற்றிக்கொண்டு மெஷினில் ஏறினாள். முள், நான் திருத்தி வைத்ததற்கும் மேலே இரண்டு கிலோ ஏறி நின்றது! "பாத்தீங்களா, நான் தேறிட்டேன்" என்றாள். இருவரும் வெகுநாள் கழித்துச் சிரித்தோம். ஆகவே ஸ்கேனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். லீவு போட்டுவிட்டு ஓடி வராதீர்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, நிறைவான எடையோடு இருக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பக்கத்து அறையில் தொப்பென்று சத்தம். நைட்டியின் பை கிழிந்து, என் பித்தளைக் கற்கள் இரண்டும் தரையில் கிடந்தன. உங்கள் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமையானா அந்த முள்ளப் பாக்குறப்போ உங்க மொகத்த என்னால பாக்க முடியலீங்க" என்றாள். பிறகு, "நீங்க எவ்வளவு திருகினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அதோட இந்த ரெண்டையும் கழிங்க."

கழித்தேன். வந்த எண்ணை இங்கே எழுதக் கை வரவில்லை. கணக்கு தப்பாக இருக்கலாம் என்றேன். "உங்களுக்கா? கணக்கா?" என்றாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நாளைக்கு ஸ்கேன். உடனே புறப்பட்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவீர்களாம், சொல்லக்கூடாதாம். அதனால் அவள் கேட்டால் ஏதோ ஆபீஸ் வேலையாக வந்ததாகச் சொல்லுங்கள். நம்பிவிடுவாள். எங்களுக்குப் பழக்கம்தான்.