தொண்டை கட்டிய டேப்ரிக்கார்டர்

கணினியில் மின்னஞ்சல் நிரல் திறக்க மறுத்தால் நான் எதையும் தொடுவதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, சரசக்காவின் மகளைத் தொலைபேசியில் அழைத்துவிடுவேன். எழுபதுகளின் பிற்பகுதியில் வடகரப்பதியில் நான் பார்த்த ஒரு பழுது, என் ஆயுளுக்குப் போதும்.

அப்போது நான் பௌதிகத்தில் புதிய பட்டதாரி. மாலைதோறும் ஊர் வாசகசாலையான வாயனசாலையில் அறிவியலும் சமுதாயமும் பற்றி உரையாற்றுவேன். (கூட்டம் வந்தது வானொலிச் செய்திக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.)

பக்கத்துத் தோட்டத்துச் சரசக்காவின் கணவர் பழனிச்சாமி அண்ணன் துபாயில் வேலையில் இருந்தார். விடுப்பில் வந்த நண்பர் ஒருவரிடம் டேப்ரிக்கார்டரும் இரண்டு கேசட்டுகளும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒன்றில் அவர் பேச்சு; மற்றொன்று, வீட்டார் பதில் பேசி அனுப்புவதற்கு. ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கணவரிடம் எப்படிப் பேசுவது? சரசக்கா வெட்கத்தில் தள்ளித் தள்ளிப் போட, நண்பர் திரும்பும் நாளே வந்துவிட்டது. மத்தியானப் பேருந்தில் அவர் போய்விட்டால் அடுத்து எவர் எப்போது போவாரோ.

அன்று காலை அக்கா புதுக் கேசட்டைப் போட்டு, அண்ணன் பேச்சைக் கேட்க வழக்கமாக அழுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். பிறகு எனக்கு அழைப்பு வந்தது.

“சக்கரமெல்லாம் சுத்துதுங்க தம்பி. பேச்சுத்தான் வரமாட்டீங்குது.”

நான் கருவியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பாட்டரிகளை வேட்டி நுனியால் துடைத்தேன். காதருகே வைத்துக் குலுக்கினேன் (பட்டப்படிப்பில் இது கிடையாது). இறுதியில், “மின்சாரம் உண்டு, ஓட்டம் உண்டு, ஒலி இல்லை. ஆகவே கோளாறு தொண்டையில்தான்” என்று தீர்ப்பளித்தேன். உள்ளே ஈரம் கோத்திருக்கலாம், சற்றே ஓடிச் சூடேறினால் சரியாகும் என்று, எல்லாப் பொத்தான்களையும் விதவிதமாகச் சேர்த்து அழுத்தினேன். சிவப்புப் பொத்தானும் அவற்றில் ஒன்று. சக்கரங்கள் சுழன்றன. அப்படியே ஓடவிட்டு, என் தீர்ப்பை மறுபடியும் ஒருமுறை கணீரென்று வாசித்துவிட்டு, அந்நியப் பொருள் மோகத்தால் நாடு அடையும் கேட்டைப் பற்றி விளக்கலானேன்.

சரசக்கா அதைக் கேட்கவில்லை. கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அக்கா சொல்வதாக இருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“பெருசா ஒன்னுமில்லீங்க. கரண்டு போயி கெணத்து மோட்டார் நின்னாப் போதும், நானு வாசலப் பாக்கறனுங்க. உங்கண்ணந்தான் நிறுத்திப்போட்டு வர்றாப்பல இருக்குது.”

மாமியார் கடலைக்காய் உரிப்பதை நிறுத்தினார். “அதையச் சொல்றக்கென்ன கண்ணு? நா அந்தப்பக்கம் போயிருப்பனல்ல.”

பேருந்து நேரம் நெருங்கியதும் நண்பர் வந்தார். வெறுங்கையோடு அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. காலிக் கேசட் இங்கே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அண்ணனுக்காவது பயன்படட்டும் என்று பின்விளைவுகளையெல்லாம் எடைபோட்டு, அதை எடுத்து அவர் பையில் போட்டேன்.

பேருந்து போன பிறகு மாமியார், செத்துப்போன கருவியில் மகனுடைய கேசட்டைச் சும்மா போட்டுப் பார்த்தார்.

“அம்மா, நல்லா இருக்கறீங்களா?” என்றது கருவி, கணீரென்று.

ஒன்றும் பதியாத கேசட்டைப் போட்டுவிட்டு, அது ஏன் பேசவில்லை என்று ஒரு பட்டதாரி காலை முழுவதும் ஆராய்ந்திருக்கிறான். அதை ஜீரணிப்பதற்குள் சிவப்புப் பொத்தான் நினைவுக்கு வந்தது. அது பதிவு செய்யும் பொத்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

சரசக்காவின் முகம் மாறியது. “அப்ப நானு பேசுனது?”

“பஸ் ஏறிவிட்டது, அக்கா.”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அதன்பின் சில மாதங்கள் நான் அந்த வரப்பு வழியே நடக்கவில்லை.

அடுத்த கேசட் வந்தபோது, மாமியார் ஆளனுப்பி என்னை வரவழைத்தார். முதலில் கேட்டது அண்ணனின் குரல், ஆனால் என் தோரணையில்: “மின்சாரம் உண்டு, ஓட்டம் உண்டு, ஒலி இல்லை.” பின்னால் துபாய் அறை முழுக்கச் சிரிப்பு, அங்கிருந்த அனைவருக்கும் என் உரை மனப்பாடமாம். சிரிப்பு அடங்கி, செருப்புச் சத்தங்கள் வெளியே போயின. பிறகு தாழ்ந்த குரலில் அண்ணன் சொன்னார்: “சரசு, வைகாசிக்கு வந்தர்றேன். மோட்டார நானே நிறுத்திக்கறேன்.”

கதவுக்குப் பின்னால் வளையல் ஓசை கேட்டது. மாமியார் எழுந்தார். “வா தம்பி, மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்” என்று என்னையும் வெளியே இழுத்துப் போனார்.

சொன்னபடியே அண்ணன் வந்தார், திரும்பிப் போகவில்லை. அதற்கடுத்த ஆண்டு பிறந்த மகள்தான் இன்று என் மின்னஞ்சலுக்கு வைத்தியர். நான் அழைத்ததும், என்ன ஏதென்று கேட்கும் முன்பே அவள் கேட்பது ஒன்றுதான்:

“என்னுங்க மாமா, தொண்டையிலதானுங்களே கோளாறு?”