பெருவிரலுக்காக ஒரு மனு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன், மனசாட்சி பேனாவைப் பிடித்துக்கொண்டது. உங்கள் அத்தை நலம். நான் கணுக்காலுக்கு மேலே நலம்.

போனில் சொன்னால் மகள் பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். வருகிற இருபதாம் தேதி என் வலது கால் பெருவிரலை எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்கிறார். முடி வெட்டுவது போலச் சொல்கிறார். நீங்கள் மேலதிகாரிகளுக்கெல்லாம் எழுதிப் பழகியவர். அவருக்கு மரியாதையாக, ஆனால் கொஞ்சம் மிரட்டலாக நாலு வரி எழுதி, விரலைத் தள்ளிவைக்கச் சொல்ல வேண்டும். விரலை என்றால், எடுக்கிற தேதியை.

நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு எழுத வரும். செருப்புக் கடையில் முப்பத்திரண்டு வருடம் குந்தி உட்கார்ந்து, வந்தவர் காலையெல்லாம் பிடித்து, நுனியை அழுத்தி, "கடிக்குதா சார்?" என்று கேட்டவன் நான். ஓய்வு பெற்ற அன்று முதலாளி கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பழுப்புத் தோல் ஷூவை எடுத்துக் கொடுத்தார். என் அளவு ஒன்பது, அது எட்டு. போட்டுப் பார்த்தேன், துளிக்கூடக் கடிக்கவில்லை. தோல் அவ்வளவு உயர்ந்தது போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் கால் மரத்துப் போய்விட்டது, ஷூ பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் தகவல் வரவில்லை என்பதை யார் கண்டது? உங்கள் அத்தைதான் சமையலறையிலிருந்து, "தரையெல்லாம் செவப்பா இருக்கே, தக்காளிய மிதிச்சுட்டு வந்தீங்களா?" என்றாள். வீட்டில் தக்காளியே இல்லை.

அன்றைக்கே போயிருக்கலாம். வலித்தால்தானே போவது? வலிக்காத புண்ணோடு போனால் டாக்டர் சிரிப்பார் என்று கூச்சம். மாடிவீட்டு எலெக்ட்ரீஷியன் பற்பசை தடவினால் காய்ந்துவிடும் என்றார், தடவினேன். காயவில்லை, புதினா வாசனை வந்தது. பதினோராம் நாள் புதினாவையும் மீறி வேறொரு வாசனை வரவும் உங்கள் அத்தை என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கட்டுப் போடும் அறையில் நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டு, "என்ன ஐயா, காலுக்குப் பல்லு தேச்சீங்களா?" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பைச் சீவி, செத்த சதையை எடுத்துக்கொண்டே, "வலிக்குதா?" என்றார். நான் எதிர்ச்சுவர் நாட்காட்டியைப் படித்துக்கொண்டு, "கொஞ்சம்கூட இல்லம்மா" என்றேன், பெருமையாக. "அதுதான் ஐயா உங்க வியாதியே" என்றார்.

அப்புறம் ஒன்பது வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு. புண்ணில் எடை விழக் கூடாதென்று முன்பாதியே இல்லாத ஒரு செருப்பைக் கொடுத்தார்கள். எங்கள் கடைக்கு வந்திருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன். போட்டால் வாத்து நடை. தெருவில் மட்டும் போட்டேன், வீட்டுக்குள் பத்தடிதானே என்று வெறுங்காலோடு நடந்தேன். அந்தப் பத்தடிகள் சேர்ந்து எங்கே போய் நின்றன என்பதை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்பு வரைக்கும் போயிடுச்சு. இனி மருந்து மட்டும் கேக்காது. இப்ப விரலோட முடிச்சுக்கலாம். விட்டா பாதத்தையே கேக்கும்" என்றார். "அரை விரல் எடுத்தாப் போதாதா டாக்டர்?" என்று, கடையில் பேரம் பேசின வாய், பேரம் பேசியது. உங்கள் அத்தை அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. பகல் முழுக்கக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த விரலையே பார்க்கிறேன். அறுபத்தெட்டு வருடம் கூடவே வந்தது, ஒரு நாளும் கவனித்ததில்லை. உங்க அத்தை முட்டிவலியோட தரையில உக்காந்து கட்டுப் பிரிக்கும்போது எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. "விடு, நானே பாத்துக்கறேன்"ன்னா, "நீங்க குனிஞ்சா காலா தெரியும், வயிறுதான் தெரியும்"ங்கறா. சிரிக்கக்கூட வரல. சோறு எறங்கல. இன்னிக்கு விரல்னு ஆரம்பிச்சு, நாளைக்கு எதுல நிப்பாங்க?

ஆகவே, கடிதத்தை உடனே எழுதிவிடுங்கள். மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நோயும் நொடியும் உங்கள் வீட்டு விலாசம் தெரியாமல் அலையட்டும் என்று இருவரையும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
பத்து விரலோடும் இருக்க விரும்பும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளது பூராவும் விரல் இருந்த காலத்தில் எழுதியது. உறையை ஒட்டுவதற்குள் மத்தியானம் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டு, கணுக்கால் வரை சிவந்துவிட்டது. ஆம்புலன்ஸில் போனேன். ஆபரேஷனுக்கு நானேதான் கையெழுத்துப் போட்டேன். பெருவிரலோடு துணைக்குப் பக்கத்து விரலும் போயிற்று. பாதம் தப்பியது, இப்போதைக்கு என்கிறார் டாக்டர். அவரை மிரட்ட வேண்டாம், நல்ல மனிதர். உங்கள் அத்தை போனில் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டியபோதுதான் தெரிந்தது, உங்களுக்கும் இரண்டு வருடமாகச் சர்க்கரையாம், மாமாவிடம் சொல்லாதே என்றீர்களாம். என் மனுவைக் கிழித்துப் போடுங்கள். ஆபீஸாக இருந்தாலும் பரவாயில்லை, சாக்ஸைக் கழற்றி உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் இப்போதே பாருங்கள். பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள். இந்த வார்டில் போன் பேசக் கூடாதென்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான் எடுப்பேன்.